ஆறாவது பாத்தி நிறையும் வரை

கீழே தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் மிருது சாப்பிட்டு முடித்துவிட்டாள், இனி மாத்திரை. வேடியப்பன் ஓஸ் பைப்பின் வாயை முதல் பாத்திக்குள் போட்டுவிட்டு, மோட்டார் தண்ணீர் இரண்டு மாடி ஏறி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தளத்தின் விளிம்புக்குப் போய்க் குனிந்தால் நேர் கீழே அவர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகை தெரியும், வாசலில் மாதேஸ்வரி மகளை மடியில் சாய்த்துக்கொண்டிருப்பதும் தெரியும். ஆனால் அவன் போகவில்லை. ஒன்பது நாளாகப் போகவில்லை. காது மட்டும் போதும் அவனுக்கு. ஸ்பூன் டம்ளரில் இடிபடுகிறது, மாத்திரையைச் சர்க்கரையோடு நசுக்குகிறாள். "ஆ காட்டு. இன்னும். சாமிக்கு எப்படி காட்டுவ?" ஒரு சின்னச் சிணுங்கல். பிறகு ஒன்றுமில்லை. விழுங்கிவிட்டாள். இனி அரை மணி நேரம். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும், அரை மணி தாண்டிவிட்டால் கவலையில்லை என்று மலேரியா தடுப்பு வேலைக்கு வரும் எஸ்தர் அக்கா சொல்லியிருந்தாள். மாதேஸ்வரி செல்போனில் மணி பார்ப்பாள். அவனுக்கு மணி தேவையில்லை. புதிதாகப் போட்ட இந்தக் கான்கிரீட் தளம் காயாமல் இருக்க, சிறு வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கிய பன்னிரண்டு பாத்திகள், ஒரு பாத்தியில் வற்றினதை நிரப்ப ஐந்து நிமிடம். ஆறாவது பாத்தி நிறையும்போது மூச்சை விடலாம். இது பத்தாவது நாள். தளம் போட்டதும் மிருதுவுக்கு மாத்திரை தொடங்கியதும் ஒரே நாளில் என்பதால் தனியாகக் கணக்கு வைக்கக்கூட வேண்டியதில்லை, தூணில் இன்ஜினியர் சிவப்புச் சாக்கட்டியில் எழுதிவைத்த தேதியைப் பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்துத் தெரியும். இன்னும் நாலு நாள்.

தண்ணீர் வந்துவிட்டது. முதலில் காற்றைத் துப்பி, பிறகு துருநிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவாக. அவனுக்கு இந்த வேலையில் இருக்கும் பேர் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த பதினோரு பேரில் தண்ணி கட்டுவதற்கு வேடியப்பன்தான் என்று கலியன் மேஸ்திரி அடித்துச் சொல்வார். "தளம் போடுறது பெரிசு இல்லடா, போட்ட தளம் புள்ள பெத்தவ மாதிரி. பதினாலு நாளு கண்ணுக்குள்ள வச்சிப் பாத்துக்கணும். ஒரு நாளு காய உட்ட, வெடிச்சிப்போவும். வெளிய தெரியாது, உள்ள வெடிச்சிருக்கும். நாலு மாசம் கழிச்சி மழ வந்தா அப்ப தெரியும் உன் லட்சணம்." மேஸ்திரி இதைப் புது ஆட்களுக்குச் சொல்லும்போது வேடியப்பன் பீடியைக் கடித்துக்கொண்டு பெருமையாகச் சிரிப்பான். முன்பெல்லாம் சிரிப்பான். பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் தண்ணி கட்டியிருக்கிறான். சொந்த மச்சான் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்துவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் பஸ் பிடித்து வந்து தண்ணி கட்டியிருக்கிறான். எட்டு வருஷத்தில் அவன் கையில் ஒரு தளம் வெடித்ததில்லை. அந்தக் கைதான். அந்த இரண்டு கைகளையும் அவன் இப்போது பார்த்தான். விரல் நுனியெல்லாம் சிமெண்டு தின்று வெள்ளையாக, எந்தத் தப்பும் செய்யாத கைகள்போல இருந்தன. சட்டைப்பையில் பிளாஸ்டிக் கவர் சரக்கென்றது. குனியும்போதெல்லாம் அது சத்தம் போடும். ஐந்தாறு மாதமாக அந்தச் சத்தத்தோடுதான் குனிந்து நிமிர்கிறான். முதல் பாத்தி நிறைந்தது.

இரண்டாவது பாத்தியில் பைப்பை மாற்றிப் போட்டுவிட்டு, போடும் முன்பே பார்க்க வேண்டியதை இப்போது பார்த்தான். குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தண்ணீரின் மேல்தோலைப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் வானம்தான் தெரியும். இதைச் சொல்லிக்கொடுத்தது எஸ்தர் அக்கா இல்லை, நேத்ரா. மூத்தவள். போன ஆடியில், இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த பழைய சைட்டில், இதே மாதிரித் தளத்தில் அவன் பின்னாலேயே வந்து குந்தி, "அப்பா, மீன்குஞ்சுப்பா" என்றாள். "எங்கடி?" "இப்டிப் பாரு, தலைய சாச்சிப் பாரு. எல்லாம் படுத்துக்கினே நீந்துது." ஆமாம், படுத்துக்கொண்டுதான் நீந்தின. நூல் துண்டுகள் மாதிரி, தண்ணீருக்கு அடியில் தலைகீழாகத் தொங்காமல், தண்ணீரின் மேலேயே நீளவாக்கில் ஒட்டிப் படுத்துக்கொண்டு, நிழல் பட்டால் வெடுக்கென்று பின்னால் நகர்ந்தன. "ஆமாண்டி, மீன்குஞ்சுதான்" என்றான் இவன். என்ன கெட்டுப்போயிற்று, பிள்ளை சந்தோஷப்படட்டுமே என்று. அவள் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி வாங்கிக்கொண்டுபோய், பிடித்துப் பிடித்துப் போட்டுக் கொட்டகைக்குள் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிஸ்கட் தூள் போட்டாள். நாலு நாளில் பாட்டில் காலியாகிவிட்டது. மீன்குஞ்சுகள் எங்கே போயின என்று அழுதாள். எங்கே போகும்? பறந்துபோயின. பிற்பாடு எஸ்தர் அக்கா தளத்துக்கு வந்து வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு காட்டி, "பாத்துக்க தம்பி, தலகீழா தொங்குனா அது வேற கொசு. இப்டி படுத்துக்கினு கீது பாரு, இதான் மலேரியா கொசுவோட புழு. நல்ல தண்ணிலதான் முட்ட போடும். வாரத்துக்கு ஒரு தபா பாத்திய ஒடச்சி காய உட்டுடு, இல்லாங்காட்டி ஈரச் சாக்கு போட்டு மூடு" என்றபோது, நேத்ரா போர்வைக்குள்ளிருந்து எழுந்து வந்து, "அது என் மீன்குஞ்சு" என்று கிண்ணத்தைப் பிடுங்கப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் மகளைத் தின்னப்போகிறதை என் மகளே வளர்த்தாள், நான் பாட்டிலை வெட்டிக் கொடுத்தேன். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். இந்தப் பாத்தியில் ஒன்றுமில்லை. நேற்று முன்தினம்தான் வரப்பை உடைத்துவிட்டு, ஒரு பகல் முழுக்க ஈரச் சாக்கு போட்டு வைத்திருந்து, மறுபடி கட்டினான். மேஸ்திரி கத்தினார். கத்தட்டும்.

கீழே ஒரு இருமல். வேடியப்பன் அப்படியே நின்றுவிட்டான். பைப் கால்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு இருமல், பிறகு மிருதுவின் குரல் ஏதோ காக்காவைப் பற்றிப் பேசியது. வெறும் இருமல்தான். மூன்றாவது பாத்தி. நேத்ராவும் முதல் ஐந்து நாள் வாந்தி எடுக்கவில்லை. காய்ச்சல் வந்த வேகமென்ன, போன வேகமென்ன. ஒரு நாள் மத்தியானம் பல் கிட்டிக்கொண்டு குளிரும், மூன்று போர்வை போட்டாலும் கட்டில் ஆடும், அப்புறம் அனலாகக் கொதிக்கும், அப்புறம் வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பாள். மறுநாள் ஒன்றுமே இல்லாததுபோல ஜல்லிக் குவியலில் ஏறி விளையாடுவாள். அதற்கு மறுநாள் அதே மத்தியானம் அதே குளிர். எஸ்தர் அக்காதான் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மலேரியா என்று கண்டுபிடித்து, மூன்று நாளைக்கு ஒரு மாத்திரையும், பதினாலு நாளைக்குச் சின்ன மாத்திரையும் கொடுத்தாள். "மூணு நாள்ல காச்ச உட்டுடும். அதோட நிறுத்திடாதீங்க. அந்தக் கிருமி ஈரல்ல போயி தூங்கும். பதினாலு நாளும் போட்டாத்தான் சாவும். சாப்ட்டப்பறம் குடு, வெறும் வயித்துல வேணாம்." மாதேஸ்வரி காலை ஆறரைக்கே ஜல்லி சுமக்கப் போய்விடுவாள், அதனால் மாத்திரை அவன் பொறுப்பு. காலையில் இரண்டு. அவன்தான் பதினாலு நாள் தண்ணி கட்டுகிறவனாயிற்றே. ஆறாம் நாள், அந்த ஆறாம் நாள், எதிர் பிளாக்கில் தளம் போடுகிற நாள், கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இவன் சோறு ஊட்ட நேரமில்லாமல் வெறும் வயிற்றில் இரண்டையும் வாயில் போட்டான். சட்டை முழுக்க வாந்தி எடுத்தாள். எரிச்சல் வந்தது. ஆம், எரிச்சல்தான் வந்தது. துடைத்துவிட்டு ஓடினான். ஏழாம் நாள் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள். "காச்சல்தான் போயிடுச்சேப்பா. வேணாம்ப்பா. கசக்குதுப்பா." அவன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தான். கன்னமெல்லாம் தேறியிருந்தது. "சரி, அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்றான். அவள் உதட்டில் விரலை வைத்து, கண்ணை உருட்டி, "சொல்லவே மாட்டேன்" என்றாள். என்ன ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். அப்பாவும் மகளும் திருட்டுத்தனம் செய்கிற சந்தோஷம். மீதி மாத்திரை பதினாறும் கவரோடு அவன் சட்டைப்பைக்குப் போயின. சாயங்காலம் மாதேஸ்வரி, "குடுத்தியா?" என்றாள். "குடுத்தாச்சி" என்றான். எட்டு நாள் கேட்டாள். எட்டு நாளும் குடுத்தாச்சி.

"டேய் வேடி!" கீழேயிருந்து மேஸ்திரி. "அந்தக் கோடிப் பாத்தி ஒழுவுது பாரு, செவுத்துல எறங்குது." "பாக்கறன் மேஸ்திரி." "சாக்கு போடுறன், ஒடைக்கிறன்னு தளத்த காயப் போட்டுடாத. பத்து நாளாச்சி, இன்னும் நாலே நாளு." "காயாது மேஸ்திரி." "உன்னைய நம்பித்தான்டா உட்டிருக்கேன்." எல்லாரும் அவனை நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். அவன் கோடிப் பாத்திக்குப் போய் வரப்பில் விழுந்திருந்த விரிசலைக் கலவை வைத்து அழுத்தினான். நாலு என்ற சொல் காதிலேயே நின்றது. இன்னும் எட்டு நாள் அவன் நேத்ராவைச் சமாளித்திருந்தால் போதும். சர்க்கரையில் குழைத்திருக்கலாம். வாழைப்பழத்தில் வைத்திருக்கலாம். தோளில் தூக்கிப் போட்டு நாலு அடி நடந்திருக்கலாம். சோறு ஊட்டிவிட்டுக் கொடுத்திருக்கலாம். ஐயோ, சோறு ஊட்டிவிட்டுக் கொடுத்திருக்கலாமே. நாலாவது பாத்தி பாதிக்கு வந்திருந்தது.

புரட்டாசியில் இரண்டாம் தடவை காய்ச்சல் வந்தபோது யாருக்கும் அது பழைய காய்ச்சல் என்று தோன்றவில்லை. மழைக்காலம், சளி பிடித்திருக்கும் என்று மெடிக்கலில் பாட்டில் மருந்து வாங்கி ஊற்றினார்கள். இந்தத் தடவை குளிர் அவ்வளவு இல்லை, பிள்ளை சோர்ந்து சோர்ந்து படுத்தாள், நாக்கு வெளுத்தது, உள்ளங்கை வெளுத்தது, கறுப்பான பிள்ளை நிறம் கூடியிருக்கிறாள் என்று பக்கத்துக் கொட்டகைக்காரி சொன்னாள். அந்த வாரம் எஸ்தர் அக்கா வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று, கையில் நோட்டோடு, "யாருக்காச்சும் காச்ச கீதா?" நல்ல நாள் அது. நடுவில் வரும் நாள். நேத்ரா வெயிலில் உட்கார்ந்து வெங்காயச் சருகை ஊதிக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கி, "பெரியவளுக்கு இருந்திச்சிக்கா. விட்டுடுச்சி" என்றாள். எஸ்தர் அக்கா நோட்டில் கோடு போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லை மாதேஸ்வரி நாலு மாதமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். அரிசி களையும்போது, ஜல்லிச் சட்டியைத் தலைக்கு ஏற்றும்போது, கொசுவலையின் நாலு மூலையையும் கட்டும்போது. "விட்டு விட்டு வருதுன்னு சொல்லியிருக்கணும். விட்டுடுச்சின்னு சொல்லிட்டேனே. ஒரு சொல்லு. அந்தக்கா ரத்தம் எடுத்திருக்கும். என் வாயால அனுப்பிச்சேன். என் வாயால." அவன் பக்கத்தில்தான் படுத்திருப்பான். கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஒரு தடவை அவள் தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். கையைப் பிடித்தான், வாயைத் திறந்தான், வாயிலிருந்து வந்தது, "விடு மாதேசு, நடந்தது நடந்து போச்சி." அதற்கு அவள் சொன்ன பதில்தான் அவனைக் கொன்றது. "நீ என்ன பண்ணுவ? நீ பதினாலு நாளும் ஒழுங்கா குடுத்த. பாவி நான்தான்."

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சின்ன வயசுதான், நல்ல மாதிரி. வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினபோது கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையேப்பா, எத்தனை நாளா இப்படி?" என்றாள். பிறகு, "முன்னாடி மலேரியா வந்திருக்கா? பதினாலு நாள் மாத்திரை முழுசா போட்டீங்களா?" மாதேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தாள், நீ சொல்லு என்பதுபோல. அவன், "போட்டோம் மேடம்" என்றான். கட்டிலில் நேத்ரா கண்ணைத் திறந்துதான் இருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஊசி குத்தாத கையை மெல்லத் தூக்கினாள், தூக்க முடியாமல் தூக்கி, விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். சொல்லவே மாட்டேன். ரத்தம் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள், என்னென்னவோ செய்தார்கள், மறுநாள் பத்து மணிக்குப் போய்விட்டாள். சொல்லவேயில்லை. ஆறு வயதுப் பிள்ளை கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டுப் போனாள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவனுக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் அவர்களே கண்டுபிடித்துத்தான் மருந்து கொடுத்தார்கள். ஒருவேளை ஒன்றும் மாறியிருக்காது. ஒருவேளை. இந்த ஒருவேளையை அவன் எத்தனை தளத்துக்குத் தண்ணி கட்டினாலும் கரைக்க முடியாது. ஐந்தாவது பாத்தியில் பைப்பைப் போட்டான்.

அதனால்தான் மிருதுவுக்கு முதல் குளிர் வந்ததுமே மாதேஸ்வரி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். அன்று ரத்தம் எடுக்க ஆள் இல்லை என்றதும், மறுநாள் காய்ச்சல் இல்லாத நாளிலும் போனாள். காய்ச்சல் இல்லையே என்றவர்களிடம், "இன்னிக்கி இல்ல. விட்டு விட்டு வரும்" என்று, கற்றுக்கொண்ட பாடத்தை ஒப்பிப்பதுபோலச் சொல்லி, ரத்தம் எடுக்கும்வரை பெஞ்சை விட்டு எழவில்லை. மாத்திரை வாங்கி வந்ததும் அட்டையை அவன் கையில் வைத்தாள். "நீ குடு. நீ குடுத்தா ஒழுங்கா குடுப்ப. எனக்குப் பயமா இருக்கு." அவன் மேலே தண்ணி கட்டணும் என்று சொல்லி ஓடி வந்துவிட்டான். ஒன்பது நாளாக மாத்திரை நேரத்துக்கு ஓடி வந்துவிடுகிறான், அவள்தான் கொடுத்துவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போகிறாள். பையில் இருக்கும் கவர் கண்ணில் படக் கூடாது என்று ஐந்தாறு மாதமாகத் தன் சட்டையைத் தானே துவைக்கிறான். அதற்கும் அவள், "பாவம், என் ஒடம்பு முடியலன்னு அவரே தொவைச்சிக்கிறாரு" என்று பக்கத்துக் கொட்டகையில் சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது. எறிந்திருக்கலாம். எத்தனை தடவை கலவைக்குள் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்திருக்கிறான். தூணுக்குள் போய்விட்டால் உலகம் அழிந்தாலும் வெளியே வராது. முடியவில்லை. அந்தக் கவரில் எஸ்தர் அக்கா பேனாவால் நேத்ரா என்று எழுதியிருக்கிறாள். மகள் பேர் எழுதியதைக் கலவையில் போட எந்தக் கைக்கு மனசு வரும்? ஐந்தாவது பாத்தி கால்வாசி. இன்னும் எட்டு நிமிடம். இன்னும் ஏழு.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. தொண்டை புரளும் சத்தம், பிறகு கொட்டுகிற சத்தம், பிறகு மிருதுவின் அழுகை. "ஐயோ! இங்க வா! வாந்தி எடுத்துட்டா! அரை மணி ஆவல, இருவத்தி மூணு நிமிசம்தான் ஆவுது! எல்லாம் வந்துடுச்சி, மாத்திரை வெள்ளையா தெரியுது!" அவன் விளிம்புக்கு ஓடினான். ஒன்பது நாளில் முதல்முறையாகக் குனிந்து பார்த்தான். மாதேஸ்வரி அண்ணாந்து நின்றாள், கையில் மாத்திரை அட்டை. "இன்னொண்ணு குடுக்கணுமே. இன்னிக்கி ரெண்டு போயிட்டா கடேசி நாளுக்கு ஒண்ணு கொறையுமே! பதினாலு வராதே!" அவள் முகம் கோணிக்கொண்டு போனது. எஸ்தர் அக்காவுக்கு ஒரு போன் அடித்தால் போதும். அப்படி ஆனால் கூப்பிடு, குறைகிறதை நான் கொண்டுவந்து தருகிறேன் என்று அந்த அக்கா சொல்லித்தான் இருக்கிறாள். நம்பர் அவன் போனில்தான் இருக்கிறது. இது அத்தனையும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும், "என்கிட்ட இருக்கு" என்று ஒரு குரல் சொன்னது. அவன் குரல்தான். சொல்லிவிட்ட பிறகுதான் அவனுக்கே கேட்டது. "உன்கிட்டயா? உன்கிட்ட ஏது?" கீழே அவள் கேட்டாள். அவன் பைப்பை அப்படியே போட்டுவிட்டுப் படியில் இறங்கினான். சாரத்துக் கம்புகளுக்கு நடுவே கைப்பிடி வைக்காத படி. இருபத்தெட்டுப் படி. பொய் ஒன்று சொல்ல அவகாசம் இருந்தது. வழியில் கிடந்தது, வேறு யாரோ கொடுத்தது, அன்றைக்கே எஸ்தர் அக்கா அதிகமாக எண்ணிக் கொடுத்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பொய் கிடைத்தது. கடைசிப் படியில் ஒன்றும் மிச்சமில்லை.

கொட்டகை வாசலில் நின்று பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினான். மாதேஸ்வரி வாங்கினாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், பேரைப் படித்தாள். உள்ளே இருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்தாள். ஒன்றில் எட்டு, இன்னொன்றில் எட்டு. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள். பிறகு அவற்றை அதே கவருக்குள் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிருதுவின் வாயைத் துடைத்து, ஒரு வாய் சோறு ஊட்டி, அவளுடைய அட்டையிலிருந்தே ஒன்றைப் பிதுக்கிச் சர்க்கரையில் குழைத்துக் கொடுத்தாள். விழுங்கினாளா என்று வாயைத் திறந்து நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். "ஆறாம் நாளோட நிறுத்திட்டேன் மாதேசு. நான்தான் உங்கிட்ட சொல்ல வேணாம்ன்னேன் புள்ளகிட்ட" என்றான். சொல்ல இவ்வளவுதான் இருந்தது. மேலே ஐந்தாவது பாத்தி வழிந்து ஆறாவதும் நிறைந்து, தண்ணீர் சுவரோடு இறங்கித் தகரக் கூரையில் விழத் தொடங்கியது. அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தான், காறித் துப்புவாள் என்று நினைத்தான், அதற்காகவே நின்றான். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு, பிள்ளை தோளில் கிடக்க, நாலு மாதமாக மூடாத வாய் நடுங்க, கெஞ்சுவதுபோல அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப, நான் இல்லியா?"